பழைய வீட்டுக்குப் பள்ளியின் விடுமுறை தெரியாது: இங்கிலாந்தின் விடுதிப் பள்ளி ஆளுநர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் குழு உறுப்பினர்களுக்கும், பள்ளியின் நிதியையும் சொத்தையும் கவனிக்கும் பர்சர்களுக்கும்,

வணக்கம். ஜார்ஜியன் காலத்து நகர வீடுகளை மாணவர் விடுதிகளாக நடத்தும் பள்ளிகளுக்கு இதை எழுதுகிறோம். 1714-இல் முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறியது முதல் 1830-இல் நான்காம் ஜார்ஜ் மறைந்தது வரையிலான காலத்தில் எழுந்த வீடுகள் இவை. பெரும்பாலானவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கின்றன. எங்களில் ஈயத்தகடு வேலை செய்பவர்கள், தச்சர்கள், சுண்ணாம்புக் கொத்தனார்கள், தீத்தடுப்பு ஆலோசகர்கள் இருக்கிறோம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். வீட்டின் எல்லா வேலைகளையும் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குள் திணிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். இந்த வீடுகளில் நாங்கள் பிரித்துப் பார்க்கும் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம் அலட்சியம் அல்ல. நல்லெண்ணத்தோடு, ஆனால் அவசரமாகச் செய்த வேலைதான் காரணம்.

மாணவர்கள் இத்தகைய வீடுகளில் தங்குவதில் தவறேதும் இல்லை. அது இந்த வீடுகளுக்குப் பழகிப்போன வாழ்க்கைதான். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியின் லிட்டில் டீன்ஸ் யார்டில் உள்ள கிராண்ட்ஸ் விடுதி, அங்கே பையன்களுக்கு அறை கொடுத்துச் சோறு போட்ட கிராண்ட் குடும்பத்துப் பெண்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஈட்டன் பள்ளியிலும் ‘டேம்’ என்று அழைக்கப்பட்ட பெண்கள் நடத்திய வீடுகளில்தான் முன்பு மாணவர்கள் தங்கினார்கள். ஆள் குடியிருக்கும் பழைய வீடு, பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டைவிட நன்றாகவே இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அடித்தளத்தில் சமையல், தரைத்தளத்தில் உணவறை, முதல் மாடியில் உயரமான கூடம், அதற்கு மேல் படுக்கையறைகள், உச்சியில் வேலைக்காரர்களின் தாழ்ந்த அறைகள். ஒரு குடும்பமும் அதன் பணியாளர்களும் வாழ்வதற்கான அமைப்பு அது. அங்கே இன்று 40 மாணவர்கள் தங்குகிறார்கள் என்று வையுங்கள். தூங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரைக் காற்றில் விடுகிறார். எட்டு மணி நேரத்தில் 40 பேருக்கு 12 லிட்டருக்கு மேல் வருகிறது. ஷவரில் தலைக்கு 200 கிராம் என்று சேர்த்தால் 20 லிட்டரைத் தாண்டும். ரக்பி ஆடிவிட்டு வந்து ரேடியேட்டர் மேல் விரித்துப்போடும் ஈரத் துணி இன்னும் கணக்கில் வரவில்லை. இந்த நீர் ஒவ்வொரு நாளும் எங்காவது வெளியேறியாக வேண்டும்.

கட்டியவர்கள் அதற்கு வழி விட்டிருந்தார்கள். பெரும்பாலான அறைகளில் கணப்பு இருந்தது, அதன் புகைபோக்கி நாள் முழுவதும் காற்றை உறிஞ்சியது. மேலும் கீழும் நகரும் சாஷ் சன்னலில் மேல் சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ச் சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சூடான ஈரக்காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே வரும். சுவரின் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கிப் பின்பு விட்டுவிடும். இந்த மூன்றையும் அடைத்துவிட்டு, சுவரில் கரும்பூசணம் படர்கிறதே என்று வருந்துவதைத்தான் விடுதிகளில் அதிகம் பார்க்கிறோம்.

சன்னலை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்டில் பெயின்ட் ஒப்பந்தக்காரர் வருகிறார். வீடு முழுவதற்கும் மூன்று வாரம். சட்டங்களை மூடியபடியே வைத்து இடுக்கின் மேல் பெயின்ட் ஓட்டுகிறார், சட்டத்தைத் தொங்கவிடும் கயிற்றுக்கும் சேர்த்தே அடிக்கிறார். பெயின்ட் ஏறிய பருத்திக் கயிறு விறைத்து, கப்பியில் மடியும் இடத்தில் அறுந்துபோகும். குளிர்காலத்தில் எந்தச் சன்னலும் திறக்காது. உடனே ‘சன்னல் பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும்’ என்ற கோரிக்கை உங்கள் மேசைக்கு வந்து சேரும்.

உண்மையில் மாற்ற வேண்டியது மிகக் குறைவு. இடுக்கில் படிந்த பெயின்டை மெல்லிய தகட்டுக் கத்தியால் கீறுங்கள். உள்பக்க விளிம்புச் சட்டத்தை நெம்பி எடுத்தால் கீழ்ச் சட்டம் வெளியே வரும். நடுப்பட்டியைக் கழற்றினால் மேல் சட்டமும் வரும். கயிற்றின் மறுமுனையில் சட்டத்துக்கு ஈடாகத் தொங்கும் எடைக்குண்டுகள் சன்னலின் பக்கப் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியின் அடிப்பகுதியில் ஒரு சிறு மூடிப் பலகை இருக்கும், அதன் வழியே குண்டுகளை எடுத்துக் கயிறு மாற்றலாம். எடை சரியாக இருப்பது முக்கியம். மேல் சட்டத்தின் இரு குண்டுகளும் சேர்ந்து சட்டத்தைவிடச் சற்றுக் கனமாக இருந்தால்தான் அது மேலேயே நிற்கும். கீழ்ச் சட்டத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் மூடியபடி கிடக்கும். கனமான கண்ணாடியைப் பொருத்திவிட்டுப் பழைய வார்ப்பிரும்புக் குண்டையே விட்டுவைத்தால் சட்டம் தடாலென்று கீழே விழும். கை வைத்திருப்பது பதின்மூன்று வயதுப் பிள்ளை என்பதை மறக்க வேண்டாம். திறப்பை 100 மில்லிமீட்டருக்குள் நிறுத்தும் தடுப்பான் வைப்பது சரிதான். ஆனால் அதைக் கீழ்ச் சட்டத்துக்கு மட்டும் வைத்துவிட்டு மேல் சட்டத்தை ஆணியடித்து மூடுகிறார்களே, அப்போது காற்றோட்டமே போய்விடுகிறது.

குளிரைப் பற்றிய கவலை நியாயமானதே. அதற்கு முதல் மருந்து சன்னலின் இருபுறமும் பெட்டிக்குள் மடிந்து கிடக்கும் மரக்கதவுகள். பல விடுதிகளில் அவை பெயின்டால் ஒட்டிப்போயிருக்கின்றன. சரியாகப் பொருந்தி மூடும் மரக்கதவு ஒற்றைக் கண்ணாடி வழியாக வெளியேறும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதியைத் தடுக்கும். போதவில்லை என்றால் உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் வைக்கலாம். அப்படி வைத்தால் காற்றுப் புகாதபடி அடைக்க வேண்டியது உள்சட்டத்தைத்தான். வெளிச்சட்டம் கொஞ்சம் கசிய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே நீர் கோத்து அடிக்கட்டை உளுத்துவிடும். முகப்பில் செங்கல்லால் அடைபட்ட குருட்டுச் சன்னலைக் கண்டால் ‘சன்னல் வரிக்காக அடைத்தது’ என்று திறக்கக் கிளம்பாதீர்கள். 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது உண்மை. ஆனால் பல குருட்டுச் சன்னல்கள் முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே அப்படிக் கட்டியவை, பின்னால் புகைபோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது குளியலறை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்ணீரால் வரும் பெருஞ்சேதம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பழைய மரத்தளம் நடக்கும்போது லேசாக வளையும். அதன் மேல் விறைப்பான ஷவர் தட்டை வைத்து ஓரத்தில் சிலிக்கான் பூசினால், தளம் வளையும் ஒவ்வொரு முறையும் அந்தப் பூச்சு இழுபடும். சில பருவங்களில் மயிரிழைப் பிளவு விழுகிறது. காலையில் அடுத்தடுத்து இருபது பேர் குளிக்கும் இடத்தில் மயிரிழைப் பிளவே போதும். நீர் பலகைக்கு அடியில் போய், தளத்தைத் தாங்கிச் சுவருக்குள் புதைந்திருக்கும் மரச்சட்டத்தின் முனையை அடைகிறது. அங்கே காற்றில்லை, சுவரும் ஈரம். கீழ்த்தளத்துக் கூரைப்பூச்சில் மஞ்சள் வட்டம் தெரியும் நேரத்தில் சட்டத்தின் முனை கையால் பிய்க்கும் பதத்துக்கு வந்திருக்கும்.

குளியலறைகளைத் தளத்துக்குத் தளம் ஒன்றன்மேல் ஒன்றாக, முடிந்தால் பின்கட்டில் வையுங்கள். முதலில் சட்டங்களைத் திறந்து பார்த்து வலுவேற்றி, தளத்தின் வளைவைக் குறைத்த பிறகே தட்டு. மேல்விளிம்பு எழுந்த தட்டாக இருக்கட்டும், சுவர்வரை நீர்காப்புச் சவ்வு ஏறட்டும், கழிவுநீர் வளைகுழாயை வெளியிலிருந்து திறந்து பார்க்க ஒரு பலகை வேண்டும். காற்றை வெளியேற்றும் விசிறி ஒரு ஷவருக்கு நொடிக்குக் குறைந்தது 15 லிட்டர் இழுக்க வேண்டும். அதன் குழாய் கூரையடியில் முடியாமல் வெளிக்காற்றில் முடிய வேண்டும். பயனற்றுக் கிடக்கும் புகைபோக்கிக்குள் உறைக்குழாய் இறக்கி அதன் வழியே கொண்டுபோனால் முகப்பில் துளையே தேவைப்படாது. பழைய பெரிய அறையைத் தடுத்துக் குளியலறை ஆக்குவதானால், கூரையைத் தொடாமல் தனியே நிற்கும் பெட்டியாக அமையுங்கள். கூரை விளிம்பின் பூவேலையை வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது.

கூரைக்கு வருவோம். பள்ளியின் நாட்காட்டியும் வீட்டின் நாட்காட்டியும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுதான். நகர வீடுகளில் சரிவுக் கூரை கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 1707-இல் லண்டனில் மரத்தாலான கூரை விளிம்புகளைத் தடைசெய்த தீச்சட்டத்திலிருந்து பரவிய வடிவம் அது. மழைநீர் முழுவதும் அந்தச் சுவருக்குப் பின்னாலும் இரு சரிவுகளுக்கு நடுவிலும் ஓடும் ஈயத்தகட்டுக் கால்வாயில்தான் சேரும். அது நிரம்பினால் நீர் தெருப்பக்கம் வழியாது, வீட்டுக்குள்தான் இறங்கும்.

ஈயம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். எனவே ஒரே துண்டாக நீளமாகப் போடக் கூடாது. ஈயத்தகட்டின் தடிமனை ‘கோடு’ (code) எண்ணால் குறிப்பார்கள், எண் கூடினால் தடிமன் கூடும். இத்தகைய கால்வாய்களில் ‘கோடு 7’ தகட்டுக்கு ஒரு துண்டு 2.5 மீட்டர், ‘கோடு 8’-க்கு 3 மீட்டர் உச்ச வரம்பு. துண்டுக்குத் துண்டு குறைந்தது 50 மில்லிமீட்டர் படி இறக்க வேண்டும், வாட்டம் கெடக் கூடாது. 5 மீட்டர் துண்டு போட்டிருந்தால் அது வெடிக்கும். அதன்மேல் தார்ப்பட்டை ஒட்டுவது பழுதை மறைக்குமே தவிர நீக்காது, அடியில் ஈரம் சிக்கிப் பலகை அழுகும். சுத்தம் செய்ய ஏற்ற காலம் இலை முழுவதும் உதிர்ந்த நவம்பர் இறுதி, பிறகு ஒருமுறை வசந்தத்தில். ஆகஸ்டில் சுத்தம் செய்துவிட்டோம் என்று கணக்கில் எழுதிக்கொள்வதால், இலை விழும் மாதங்களில் யாரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று வௌவால். பழைய கூரைகளில் வௌவால்கள் குட்டி போட்டு வளர்க்கும் காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. அவற்றையும் அவற்றின் இருப்பிடத்தையும் 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் 2017-ஆம் ஆண்டு வாழிட விதிகளும் காக்கின்றன. அவை உள்ளனவா என்று அந்தியில் எண்ணிப் பார்க்கும் ஆய்வையும் மே முதல் செப்டம்பருக்குள்தான் செய்ய முடியும். ஜூலையில் சாரம் கட்டி, கூரை ஓடுகளைக் கழற்றிய பிறகு வௌவாலைக் கண்டால் வேலை நின்றுவிடும். செப்டம்பரில் மாணவர்கள் வரும்போது கூரை தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும். கூரை வேலைக்கு இரண்டு ஆண்டுத் திட்டம் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான். முதல் குளிர்காலத்தில் கசிவைப் பாருங்கள், அடுத்த கோடையில் வௌவால் ஆய்வு முடியட்டும். வேலை எந்த மாதத்தில் என்பதை ஆய்வின் முடிவும், தேவைப்பட்டால் அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமான நேச்சுரல் இங்கிலாந்தின் உரிமமும் சொல்லும்.

சுவருக்கும் இதே பாடம். மென்மையான பழைய செங்கல் சுவரில் சிமென்ட் காரை திணித்தால், சுவரின் ஈரம் காரை வழியே போக முடியாமல் செங்கல் வழியே போகிறது. உறைபனியில் செங்கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. சுண்ணாம்புக் காரைதான் வேண்டும். இடுக்கைச் சுமார் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கைக்கருவியால் சுரண்டி, நனைத்து, அழுத்தி நிரப்பி, ஈரச்சாக்கு போர்த்திக் காய விட வேண்டும். வெட்டு இயந்திரத்தை அருகில் விடாதீர்கள், அது செங்கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலை ஆகாது. உள்ளே மரப்பட்டிகளின் மேல் பூசும் சுண்ணாம்புப் பூச்சு மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் காய நாள் வேண்டும். ஆறு வாரத்தில் முடித்து, அதன்மேல் வினைல் பெயின்டும் அடித்து, படுக்கை போட்டுத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், எந்த நல்ல கொத்தனாரும் அந்த வேலைக்கு வரமாட்டார். வருபவர் பழைய பூச்சைப் பெயர்த்துவிட்டு ஜிப்சம் பலகை அடிப்பார். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, நனைத்துத்தான் சுரண்ட வேண்டும்.

தீயைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முழுமையாகாது. 1903 ஜூனில் ஈட்டனின் விடுதி ஒன்றில் அதிகாலை மூண்ட தீயில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். சன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. 2015 ஏப்ரலில் சரே மாவட்டத்தின் கிளாண்டன் பார்க் மாளிகை எரிந்தது. அடித்தளத்தில் ஒரு மின்பகிர்வுப் பெட்டியில் தொடங்கிய தீ, கட்டடத்தின் மறைவான இடைவெளிகள் வழியே கூரை வரை ஏறியது. ஜார்ஜியன் வீட்டில் இத்தகைய மறைவிடங்கள் ஏராளம்: தளத்துக்கு அடியில், மரத்தடுப்புச் சுவருக்குள், சன்னல் பெட்டிக்குள், சுவர்ப் பலகைக்குப் பின்னால். அடித்தளம் முதல் உச்சி வரை ஒரே திறந்த மாடிப்படி இருக்கும், அதுவே புகைக்கும் வழி.

எனவே முதல் பணம் அடித்தளத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவே தடுப்புக்குப் போகட்டும். அடுத்தது ஒவ்வொரு கேபிளும் குழாயும் தளத்தைத் துளைக்கும் ஓட்டையைத் தீத்தடுப்புப் பொருளால் அடைப்பது. பழைய தளங்களில் சட்டங்களுக்கு நடுவே சாம்பலும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். ஓசையைத் தடுப்பதோடு தீயையும் தாமதப்படுத்தும் அந்த நிரப்பை மின்பணியாளர்கள் குப்பை என்று அள்ளிவிடுகிறார்கள். அதைத் திரும்பக் கொட்டச் சொல்லுங்கள். கூரைப்பூச்சில் பதிக்கும் ஒவ்வொரு குழிவிளக்கும் தீத்தடுப்பில் ஒரு துளை. கம்பியில்லாப் புகை உணரிகள் கிடைக்கும்போது கேபிளுக்காகச் சுவரை வெட்ட வேண்டியதில்லை.

பழைய ஆறு பலகைக் கதவுகளை எறிந்துவிட்டுத் தட்டையான தீக்கதவு போட வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அவற்றின் மரச்சட்டம் தடிமனாக இருக்கும், மெலிந்தவை பலகைகள்தான். வெப்பத்தில் உப்பும் தாளையோ பூச்சையோ பலகைகளுக்குக் கொடுத்து, ஓரத்தில் புகைத்தடுப்புப் பட்டை பதித்து, இடுக்கை 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தால் பல கதவுகள் அரைமணி நேரம் தாங்கும். பழைய கதவின் மேல் தட்டைப் பலகை அறைந்திருந்தால் ஆய்வு செய்யாமல் ஆணியைத் தொடாதீர்கள். 1960, 70-களில் தீத்தடுப்புக்காக அடித்த பலகைகள் பல கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). தானே மூடும் கருவி கனமாக இருந்தால் மாணவர்கள் செருப்பை வைத்து முட்டுக்கொடுப்பார்கள். அபாயமணியோடு இணைந்து, மணி அடித்தால் மட்டும் மூடிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். விடுதி நேரத்தில் கல்விப் பருவத்துக்கு ஒருமுறையாவது தீயணைப்பு ஒத்திகை நடத்த வேண்டும் என்கின்றன 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விடுதித் தரங்கள். அந்த ஒத்திகையின்போது எந்தக் கதவு மூடவில்லை என்று ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். கூரையில் நெருப்பு பயன்படுத்தும் வேலையைத் தடைசெய்யுங்கள். ஈயத்தைத் தட்டி மடித்தே பெரும்பாலும் வேலை முடியும். தவிர்க்கவே முடியாத இடத்தில் அனுமதிச் சீட்டும், முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரக் காவலும் வேண்டும்.

மரத்தளச் சட்டங்களை வெட்டும் விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். மேலிருந்து செதுக்கும் வெட்டு சட்டத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, நடுப்பகுதியில் வெட்டவே கூடாது. இருநூறு ஆண்டுகளாக எரிவாயு, தண்ணீர், வெப்பக்குழாய், மின்கம்பி என்று ஒவ்வொருவரும் வெட்டிய சட்டங்கள் இவை, இனியும் வெட்டத் தாங்காது. மேல்மாடித் தடுப்புச் சுவர் வெறும் தடுப்பு என்று எண்ணிக் கதவுக்கு வழி வெட்டாதீர்கள். அதற்குள் சாய்ந்த மரங்கள் கோத்து, தளத்தையே தாங்கிக்கொண்டிருக்கும். ஒரு சாய்மரத்தை அறுத்தால் போதும், தளம் தொய்ந்துவிடும்.

அனுமதியைச் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி தேவை. அனுமதியின்றிச் செய்வது குற்றம், அதைச் சரிசெய்யச் சொல்லும் அதிகாரத்துக்குக் காலவரம்பும் இல்லை. உள்ளாட்சி முடிவெடுக்க இலக்கு எட்டு வாரம். ஜூனில் விண்ணப்பித்துவிட்டு ஜூலையில் சாரம் கட்ட முடியாது. ஜனவரிக்குள் வரைபடம் தயாராக வேண்டும். பழையதைப் போலவே பழுதுபார்க்கும் வேலைக்குப் பெரும்பாலும் அனுமதி தேவைப்படாது என்பது இன்னொரு சலுகை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி வந்துவிட்டது, உங்கள் சுமை கூடியிருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் வரிக்குப் பதிவான பள்ளி, பழுதுபார்ப்புக்குக் கொடுத்த வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் இப்போது வழி உண்டு. முன்பு அந்தத் தொகை போனது போனதுதான். உங்கள் கணக்காயரிடம் இதைக் கேட்டுவிட்டுப் பழுதுபார்ப்பு நிதியைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. பழங்கட்டடத் தகுதி பெற்ற ஆய்வாளரைக் கொண்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீட்டை முழுமையாகப் பரிசோதியுங்கள். இங்கிலாந்துத் திருச்சபை தன் கோயில்களுக்கு 1955 முதல் சட்டமாக்கிச் செய்துவருவது அதுதான். பெரிய வேலைக்கு ஒரு தளத்தையோ ஒரு விடுதியையோ ஒரு முழுப் பருவம் காலியாக்குங்கள். மாணவர்களைச் சுழற்சி முறையில் வேறு விடுதியில் வைக்க இடமில்லை என்றால், ஓராண்டு சேர்க்கையைக் குறைத்துத் திட்டமிடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெப்பத்தை அடியோடு நிறுத்தாதீர்கள். குறைத்து வையுங்கள், மேல்மாடிக் குழாய் உறைந்து வெடிப்பது அந்த வாரங்களில்தான்.

முதல் வேலையாக, வரும் நவம்பரில் கனமழை பெய்யும் ஒரு நாளில் உங்கள் சொத்துக் குழுவில் ஒருவர் டார்ச் விளக்கோடு கூரையடிக்குப் போகட்டும். கால்வாய்ப் பலகைகளையும், சுவரில் பதிந்த மர முனைகளையும், புகைபோக்கியின் அடியையும் தொட்டுப் பார்த்து, ஈரமான இடங்களை வரைபடத்தில் குறித்து வரட்டும். அந்த வரைபடத்தை ஜனவரிக் கூட்டத்தின் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களும் ஆலோசகர்களும்